மந்தியும் மானும் ஒற்றைத் தான்றிக் கன்றும்

"மூணு மழை போயாச்சு. ஒரு கன்னுகூட என் முழங்கால் உயரத்துக்கு வரலை. நீங்க எல்லாரும் இங்கே என்னதான் பண்றீங்க?"

காலையிலிருந்து மந்தி இதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட மாற்றவில்லை. தான்றி மரத்தின் தாழ்ந்த கிளையில், குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே நின்றவர்களை ஒவ்வொருவராக முறைத்துச் சொன்னது. சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

கீழே நின்றவர்கள் நான்கு பேர். ஒரு பெண்மான், ஒரு காட்டுப்பன்றி, ஓர் அணில், ஒரு தவிட்டுக்குருவி.

மந்தியின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த மலைச்சரிவில் உயரமான மரம் என்று இருந்தவை மூன்றே மூன்று தான்றி. மற்றதெல்லாம் சூரைமுள் புதரும் புல்லும்தான். போன ஐப்பசி மழையில் ஒரு தான்றி வேரோடு சாய்ந்துவிட்டது. இன்னொன்று மின்னல் விழுந்து கரிக்கட்டையாக நின்றது. மந்தி குடியிருந்த மூன்றாவதிலும் அடியில் பொந்து விழுந்திருந்தது. காற்றடித்தால் மரம் முனகியது.

பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை இருந்தது. அதுவும் மரம் ஏறும். ஆனால் நுனிக்கிளை அதன் கனத்தைத் தாங்காது. சிறுத்தை வரும்போதெல்லாம் மந்தி குட்டியோடு நுனிக்கிளைக்குப் போய்விடும். இந்த மரமும் விழுந்தால்? குட்டியைத் தூக்கிக்கொண்டு முள்புதர் மேலேயா ஏறுவது?

மரம் காய்க்காமல் இல்லை. மாசி மாதம், மரம் நிறையக் காய். தரை முழுக்கக் கொட்டை. ஆனால் ஒன்றுகூட மரமாகவில்லை.

"முதல்ல நீ சொல்லு," என்று மந்தி அணிலைப் பிடித்துக்கொண்டது. "கொட்டையை உடைச்சு உடைச்சு உள்ளே இருக்கிற பருப்பைத் தின்னுறது யாரு?"

"நான் எவ்வளவு தின்னுவேன்? என் வயிறு உங்க உள்ளங்கை அளவு. பன்றி அண்ணனைக் கேளுங்க. மூக்கை வச்சா முளையோட பெயர்த்துடுறார்."

"நான் கிளறினா மண்ணு இளகுது," என்றது பன்றி. "அதுக்கு எனக்கு நீங்க மாலை போடணும். வர்ற முளையை எல்லாம் நக்கித் தின்னுறது யாருன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்க. சிநேகிதியாச்சே."

எல்லாரும் பெண்மானைப் பார்த்தார்கள். பெண்மான் அசை போட்டுக்கொண்டிருந்தது. விடியற்காலையில் விழுங்கிய தான்றிக்காய் இப்போது வாய்க்கு வந்திருந்தது. சதையை மென்றது. கொட்டையைத் துப்பியது. மந்தியின் மரத்தடியிலேயே துப்பியது.

"என்கிட்டே பேசும்போது துப்பாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" மந்தி சீறியது. "துப்பணும்னா அந்த முள்ளுப் பக்கம் போய்த் துப்பு. வாசல்ல துப்புற பழக்கத்தை எங்கே கத்துக்கிட்டியோ."

"சரி, அக்கா," என்று மான் நகர்ந்து போனது. முள்புதருக்குள் கழுத்தை நீட்டி மீதிக் கொட்டைகளைத் துப்பிவிட்டுத் திரும்பி வந்தது. எப்போதும் நடப்பதுதான். மந்தி திட்டும், மான் நகர்ந்து போகும்.

அவர்கள் இருவருக்கும் அப்படி ஒரு சிநேகிதம். மந்தி ஒரு காயைப் பாதி கடித்துக் கீழே போடும். தழையை ஒடித்துப் போடும். மான் தன் கூட்டத்தோடு கீழே நின்று தின்னும். சிறுத்தை தூரத்தில் வந்தால் மந்தியின் கண்ணுக்குத் தெரியும். புதருக்குள் பதுங்கி வந்தால் மானின் மூக்குக்குத் தெரியும். யாருக்கு முதலில் தெரிந்தாலும் கத்துவார்கள். இருவருக்கும் கைக்குழந்தை வேறு. மந்திக்கு ஒரு குட்டி, மானுக்கு ஒரு குட்டி.

ஆகவே பன்றி சொன்னது மந்தியின் காதில் ஏறவில்லை. சிநேகிதியைக் குற்றம் சொல்ல முடியாது. அணிலும் பன்றியும் எதிர்த்துப் பேசுகிறார்கள். எதிர்த்துப் பேசாதது எது என்று மந்தி சுற்றிப் பார்த்தது. சரிவெல்லாம் சூரைமுள் புதர்தான் பேசாமல் நின்றது.

"இந்த முள்ளுதான் காரணம்," என்றது மந்தி. "இடத்தை எல்லாம் இதுவே அடைச்சுக்கிட்டா கன்னு எங்கே முளைக்கும்? இருக்கிற தண்ணியையும் இதுவே குடிச்சுடுது. பன்றி, எல்லாத்தையும் பெயர்த்துப் போடு."

தவிட்டுக்குருவி பதறியது. "என் கூடு அதுக்குள்ளே இருக்கு. உள்ளே என்ன இருக்குன்னு ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டு அப்புறம்..."

"உனக்கு உன் கூடுதான் பெரிசு. எனக்கு இந்தக் காடு. பேசாம இரு."

மூன்று நாள் வேலை நடந்தது. பன்றி புதர்களை வேரோடு புரட்டியது. பாறையோரமாக ஒரு புதர் மட்டும் மிஞ்சியது. அதில் கை வைத்தபோது பன்றியின் மூக்கில் முள் ஆழமாக ஏறிவிட்டது.

"முதல்ல இந்த முள்ளை எடுத்து விடுங்க. மத்த காட்டை அப்புறம் பார்க்கலாம்," என்று அது உட்கார்ந்துவிட்டது.

மந்தி அதோடு நிற்கவில்லை. மரத்தடியில் கிடந்த சருகை எல்லாம் கையாலேயே வாரி ஒதுக்கியது. தரை, விருந்துக்கு முன் பெருக்கிவிட்ட கூடம் மாதிரி ஆனது. "இப்போ வரட்டும் மழை," என்றது.

வைகாசி கடைசியில் மழை வந்தது.

மந்தி நினைத்தபடியே நடந்தது. மரத்தடியில் முளை முளையாகக் கிளம்பியது. கால் வைக்க இடமில்லை. மந்தி குட்டியைத் தோளில் வைத்துக் காட்டியது. "பாரு, எல்லாம் உன் மரம். எதுல ஏறணுமோ ஏறிக்கோ."

முதல் நாலு இலை வந்தபோது மான் கூட்டம் வந்து நின்றது. நாற்பது வாய்.

"அடியே, இதை மட்டும் தொடாதே," என்றது மந்தி.

"நான் தொட மாட்டேன், அக்கா," என்றது பெண்மான். உண்மையாகத்தான் சொன்னது. ஆனால் அதன் கூட்டத்துக்குப் பசி. பேசிக்கொண்டே நின்ற பெண்மானின் வாயும் தானாகக் குனிந்தது. நான்கு நாளில் பாதி முளை போயிற்று.

மீதியாவது பிழைத்ததா? அதுவும் இல்லை. தாய் மரத்தின் நிழலில் வெயில் படாமல் சில வெளுத்து வளைந்தன. மேலேயிருந்து விழுந்த புழு சிலவற்றை அரித்தது. பெருக்கிவிட்ட தரையில் சருகு இல்லை. மழை இரண்டு வாரம் ஏமாற்றியதும் மண் வெடித்தது. மிச்சமிருந்தவை நின்ற நிலையில் கருகின. ஆடிக் காற்று அடித்தபோது மரத்தடியில் ஒன்றும் இல்லை.

மரம் இன்னும் கொஞ்சம் உரக்க முனகியது.

அன்றைக்குத் தவிட்டுக்குருவி வந்தது. கூடு போனதிலிருந்து அது மந்தியோடு பேசியதில்லை.

"திருப்தியா?" என்றது. "நீங்க பெயர்த்துப் போட்டீங்களே, என் புதர். அதுக்குள்ளே நாலு தான்றிக் கன்னு இருந்தது. உங்க இடுப்பு உயரம். பக்கத்துப் புதர்ல ரெண்டு. அதைத்தான் பார்க்கச் சொன்னேன்."

"பொய்."

"போய்ப் பாருங்க. காய்ஞ்சு அங்கேதான் கிடக்கு."

மந்தி இறங்கிப் போனது. புரட்டிப் போட்ட முள் குவியலை விலக்கியது. விரலில் ரத்தம் வந்தது. உள்ளே, முள்ளோடு பின்னிக்கொண்டு, காய்ந்த கன்றுகள் கிடந்தன. தான்றிதான். வேரில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

"மான் வாய் உள்ளே நுழையாது. பன்றி மூக்கும் நுழையாது," என்றது குருவி. "வெயில்லயும் உள்ளே ஈரம் நிக்கும். வேலி மாதிரி நின்னு வளர்த்துக்கிட்டு இருந்ததை வேரோட பிடுங்கினீங்க."

மந்தி காய்ந்த கன்றைக் கீழே போட்டது. பாறையோரம் மிஞ்சியிருந்த அந்த ஒற்றைப் புதருக்கு ஓடியது. முள்ளை ஒதுக்கிக் குனிந்து பார்த்தது. உள்ளே ஒரு கன்று நின்றது. பென்சில் கனம். ஒன்பது இலை. புதரின் தலைக்குச் சமமாக வந்திருந்தது.

அந்தச் சரிவு முழுவதற்கும் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து மந்தி சரியாகத் தூங்கவில்லை. பகலெல்லாம் அந்தப் புதரையே பார்த்தது. ஒரு பக்கம் பன்றி முன்பு கிளறிவிட்ட இடத்தில் ஒரு தலை நுழையும் அளவு ஓட்டை இருந்தது. மந்தி முள்ளை இழுத்து அடைக்கும். காற்று பிரித்துவிடும். மறுபடி அடைக்கும்.

தை போய் மாசி வந்தது. மரம் மறுபடி காய்த்தது. பங்குனியில் காய் தீர்ந்தது. அந்த வருஷம் கடும் வெயில். புல் காய்ந்து தரையோடு போயிற்று. சரிவில் பச்சை என்று கண்ணில் பட்டது மந்தி ஒடித்துப் போடும் தழையும், அந்தக் கன்றின் நுனியும்தான்.

மான் கூட்டம் மரத்தடியை விட்டு நகரவே இல்லை.

"தங்கச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் மேயச் சொல்லேன்," என்று மந்தி கேட்டது.

"எங்கே போவோம், அக்கா? அந்தப் பக்கம் நீ இல்லையே. யார் எங்களுக்குக் காவல்?"

குருவி மேலேயிருந்து சிரித்தது. "கேட்டீங்களா? வேற இடத்துல மான் ஒரு வாய் தின்னும், தலையைத் தூக்கும், ரெண்டு எட்டு நகரும். இங்கே நீங்க காவல் இருக்கீங்க. அதனால நின்ன இடத்துலயே வேர் வரைக்கும் வழிச்சுத் தின்னுறாங்க. விருந்தாளியை உட்கார வச்சது நீங்கதான்."

மந்திக்குச் சுருக்கென்றது. பெண்மானிடம் திரும்பியது. "இனிமே தழை கிடையாது. அந்தப் புதர் பக்கம் உன் ஆட்கள் யாரும் போகக் கூடாது. சொல்லிட்டேன்."

"அக்கா, அந்தக் கன்னு அங்கே எப்படி வந்ததுன்னு..."

"எனக்கு உன் கதை வேண்டாம். அதைத் தொடாதே. அவ்வளவுதான்."

மான் தலையைக் குனிந்துகொண்டு காய்ந்த புல்லை முகர்ந்தது.

மறுநாள் உச்சி வெயில். மான்கள் மரத்தடியில் பசியோடு நின்றன. மந்தி ஒரு தழைகூடப் போடவில்லை. மான்குட்டிக்குப் பேச்சுவார்த்தை எல்லாம் தெரியுமா? அது மெல்ல நடந்து பாறையோரம் போனது. பச்சை நுனி தெரிந்தது. ஓட்டை வழியாகத் தலையை உள்ளே விட்டது.

மந்தி கத்த வாயெடுத்தது. அப்போதுதான் அதைப் பார்த்தது.

பாறைக்கு மேலே சிறுத்தை.

வயிறு தரையில் உரச, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கிக்கொண்டிருந்தது. காற்று மான்களிடமிருந்து சிறுத்தையின் பக்கம் வீசியது. ஆகவே பெண்மானின் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சரிவில் சிறுத்தையைப் பார்த்தது மந்தி மட்டும்தான்.

கத்தவேண்டியதுதான். எத்தனையோ தடவை கத்தியிருக்கிறது.

ஆனால் மான்குட்டியின் தாடை அசைந்தது. ஓர் இலை போயிற்று. இன்னோர் இலை. மந்தியின் கண்ணில் அதன் சொந்தக் குட்டி வந்தது, விழுந்த மரம் வந்தது, வெறுந்தரை வந்தது. எத்தனை தடவை சொன்னேன், என்று நினைத்தது. ஒரு நாள் நன்றாகப் பயந்தால்தான் இவர்கள் நகர்வார்கள். கத்துகிறேன். கொஞ்சம் பொறுத்துக் கத்துகிறேன். ஒரே ஒரு மூச்சு.

ஒரு மூச்சு போயிற்று.

"கக்! கக்!"

மந்தி கத்தியபோது சிறுத்தை பாய்ந்துவிட்டிருந்தது. சரிவு முழுக்கக் குளம்புச் சத்தம். புழுதி. மான்குட்டி தலையைப் பிடுங்கிக்கொண்டு துள்ளியது. முள் காதைக் கிழித்தது. சிறுத்தையின் நகம் பின்னங்காலைக் கிழித்தது. ஆனால் சிறுத்தையும் முள்ளில் விழுந்தது. அது முகத்தை உதறிக்கொண்டு எழுவதற்குள் குட்டி தாயிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சிறுத்தை மேலே ஒரு தடவை பார்த்தது. பிறகு பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

வெகுநேரம் கழித்துப் பெண்மான் மட்டும் மரத்தடிக்குத் திரும்பி வந்தது. தள்ளி நின்றது.

"நீ எப்பவும் சிறுத்தை பாறைக்கு மேலே இருக்கும்போதே கத்துவே," என்றது.

மந்தி குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"இன்னைக்கு அது பாறைக்குக் கீழே வந்த பிறகுதான் கத்தினே. பார்த்தியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு, அக்கா."

"வெயில் கண்ணைக் கூசிச்சு," என்றது மந்தி.

பெண்மான் திரும்பிக் கூட்டத்திடம் போனது. நொண்டும் குட்டியை முன்னால் விட்டு, நாற்பது மான்களும் வரிசையாகச் சரிவின் அடியில் இருந்த ஓடையைத் தாண்டின. திரும்பிப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால், மந்திக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கன்றில் ஐந்து இலை மிச்சம் இருந்தது. வைகாசி மழையில் அது புதருக்கு மேலே எழுந்தது. கடிக்க ஆளில்லை. புல் நிமிர்ந்தது. மரத்தடியில் முளை முளையாகக் கிளம்பியது. சரிவெல்லாம் அமைதி.

"பார்த்தியா?" என்றது மந்தி குருவியிடம். "மான் போச்சு, காடு வந்துடுச்சு."

குருவி மரத்தடி முளைகளைக் குனிந்து பார்த்துவிட்டுப் பறந்தது.

ஆனியில் முளைகள் வெளுத்தன. ஆடியில் வளைந்தன. புழு வந்தது. கடிக்க ஒரு மான்கூட இல்லை. ஆனாலும் மரத்தடியில் ஒன்றும் தேறவில்லை. ஆவணி வந்தபோது தரை போன வருஷம் மாதிரியே மொட்டையாகக் கிடந்தது. சரிவில் வேறெங்கும், எந்தப் புல்லுக்கு நடுவிலும், ஒரு தான்றி முளைகூட இல்லை.

மந்தி பயந்துபோனது. "என்ன நடக்குது? இப்போ யார் தின்னுறா?"

"யாரும் தின்னலை," என்றது குருவி. "தாய் மரத்துக்கு அடியில விழுந்தது எதுவும் பிழைக்காது. வெளியே போகணும்."

"புதருக்குள்ளே இருந்ததெல்லாம் வெளியே போனதுதானே? அது எப்படிப் போச்சு? கொட்டைக்குக் காலா இருக்கு?"

"நாலு கால் இருந்தது," என்றது குருவி. "தினம் காலையில அவ உங்க காயை விழுங்குவா. மத்தியானம் அசை போடுவா. கொட்டை வாய்க்கு வரும். துப்பப் போவா. நீங்கதானே, வாசல்ல துப்பாதே, முள்ளுக்குள்ளே போய்த் துப்புன்னு திட்டித் திட்டி அனுப்பினீங்க? ஒரு நாள்கூட மறுத்துப் பேசாம போய்த் துப்பினா. என் புதர்ல நாலு கன்னு. பக்கத்துல ரெண்டு. பாறையோரம் ஒண்ணு. எல்லாம் அவ துப்பினது."

மந்தி கிளையைப் பிடித்துக்கொண்டது.

"அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தா. உங்களுக்குத்தான் கேட்க நேரமில்லை," என்று சொல்லிவிட்டுக் குருவி பறந்துபோனது.

பாறையோரக் கன்று இன்று ஓர் ஆள் உயரம் இருக்கிறது. அதன் தண்டைச் சூரைமுள் இன்னும் விடாமல் சுற்றிக்கொண்டு நிற்கிறது. ஒரு கன்று தோப்பாகாது. அது மந்தியின் குட்டியைத் தாங்கும் மரமாக இன்னும் எத்தனையோ மழை வேண்டும். பொந்து விழுந்த மரத்துக்கு அத்தனை மழை இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. போன வாரக் காற்றில் அடிமரத்தில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது.

ஒருவரின் வாய் எதைக் கெடுக்கிறது என்று மட்டும் பார்த்துத் துரத்துகிறவர்கள், அதே வாய் எதைச் சுமந்துகொண்டு போய்ப் பிழைக்க வைத்தது என்பதை அவர் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

மறுபடி மாசி பிறந்து, மரம் காய்த்துக் குலுங்குகிறது. காலையில் மந்தி நுனிக்கிளைக்கு ஏறி, கைக்கு எட்டிய மட்டும் காயைப் பறித்து ஓடைப் பக்கமாக வீசுகிறது. அவை பாதித் தூரம்கூடப் போகாமல் விழுகின்றன. பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுகிறது.

"தங்கச்சி, தங்க வேண்டாம். ஒரு தடவை வந்து தின்னுட்டு, எங்கே வேணும்னாலும் துப்பிட்டுப் போ. வாசல்லயே துப்பு, நான் ஒண்ணும் சொல்லலை. வருவியா?"

ஓடைக்கு அந்தப் பக்கம் புல் மட்டும் அசைகிறது.